கேட்டைப் பிடிச்சுக்கோங்க

மார்லிஸ் கோல்பி ஒரு நாளில் பேசுவதைவிடத் தலையசைப்பதுதான் அதிகம். அந்தப் பண்ணையில் அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. வயோமிங்கின் அந்த மலையடிவாரத்தில் எல்லோருமே வார்த்தையை இறுக்கிப் பிடிப்பவர்கள்தான். அங்கே ஒருவர் "பரவாயில்லை" என்றால் பிரமாதம் என்று பொருள். "கொஞ்சம் காத்து" என்றால் கொட்டகைக் கூரை பறந்துவிட்டது என்று பொருள்.

கோடையில் விருந்தாளிகள் வருவார்கள். நகரத்திலிருந்து வந்து, ஒரு வாரம் தங்கி, குதிரையேறி, மாடு திரட்டும் வேலையில் கைகொடுப்பதற்கு அவர்கள் பணம் கட்டுகிறார்கள். யாருக்கு எந்தக் குதிரை ஒத்துவரும் என்று பார்த்துக் கொடுப்பதும், சேணத்தை இறுக்குவதும், அவர்களை விழாமல் கூட்டிப்போய்க் கூட்டிவருவதும் மார்லிஸின் வேலை. இலையுதிர்ந்து விருந்தாளிகள் போனதும் அவளுக்கும் வேலை போய்விடும். டவுனுக்குப் போய் இரும்புக் கடை கல்லாவில் வசந்தம் வரை நிற்பாள். ஆணி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் பேச்சுக் கொடுப்பார்கள்.

இந்த வருஷம் அவளுக்குக் கல்லாவில் நிற்க மனமில்லை. வில்லோ ஓடைக் கரையில் பண்ணையின் குளிர்கால முகாம் இருக்கிறது. ஒரு மரவீடு, ஒரு விறகடுப்பு, வைக்கோல் கொட்டகை. பனிக்காலம் முழுக்கச் சினைமாடுகளுக்குத் தீனி போட்டுக்கொண்டு அங்கே ஒருவர் தனியாக இருக்க வேண்டும். பல வருஷமாக இருந்தவர் முழங்கால் தேய்ந்து மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த இடம் காலி. யாருக்குக் கொடுப்பது என்பது மாட்டு மேஸ்திரி டொமினிக் இரிபாரின் கையில் இருந்தது. வசந்தத்திலேயே மார்லிஸ் அவரிடம் சொல்லிவிட்டாள். "பாக்கலாம்" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையை அவள் கோடை முழுதும் சட்டைப்பையில் வைத்திருப்பதுபோல வைத்திருந்தாள்.

இப்போது செப்டம்பர். ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகிவிட்டன. மேட்டுப் புல்வெளியிலிருந்து பசுக்களையும் கன்றுகளையும் கீழே இறக்கும் வேலை மட்டும் பாக்கி. அந்த வருஷத்தின் கடைசி விருந்தாளிகள் வந்திருந்தார்கள்.

அன்று காலை தொழுவத்தில் குதிரைகளின் மூச்சு புகைந்துகொண்டிருந்தது. பண்ணையாள் ராய்ஸ் தன் தினசரி நகைச்சுவையைத் தொடங்கினான். டொமினிக்கின் தாத்தா பாஸ்க் நாட்டிலிருந்து ஆடு மேய்க்க வந்தவர். மாட்டுப் பண்ணையில் அதை மறக்க விடுவார்களா?

"என்ன டோம், இன்னிக்கு மாடுதானே? பழக்கதோஷத்துல ம்மே-ன்னு கூப்பிட்டுறாதீங்க."

"ஆடா இருந்தா உன்ன அனுப்ப மாட்டேன்டா. ஆட்டுக்குக் கொஞ்சம் புத்தி உண்டு, உன்னப் பாத்தா சிரிச்சுரும்."

விருந்தாளிகளில் ஒருவரான பல் டாக்டர் லோவெல், தனக்குக் கொடுத்த குதிரையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "பல்லப் பாத்தா இவனுக்கு வயசு இருபது இருக்கும் போலிருக்கே."

"அவனும் உங்க பல்லத்தான் பாத்துட்டிருக்கான் டாக்டர்," என்றான் ராய்ஸ்.

ஓப்பல் ஸ்டிட்ஸ் தன் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பருத்த, நிமிர்ந்த உடம்பு, வெள்ளைத் தலை. டோலிடோ நகரத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி, பிள்ளைகளைச் சாலை தாண்ட வைக்கும் வேலையில் பாதி ஆயுசைக் கழித்தவள். வந்த முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலேயே எல்லோருக்கும் அதைச் சொல்லிவிட்டாள். ஓய்வு பெறும் நாளில் அந்தத் தெருவே பணம் சேர்த்து அவளை இங்கே அனுப்பியிருந்தது. குதிரையேற வேண்டும் என்று அவள் சிறு பெண்ணாக இருந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

"இதுக்குப் பேரு பிஸ்கட்டா கண்ணு? ஐயய்யோ, நான் இப்பதான் மூணு பிஸ்கட்டத் தின்னுட்டு வரேன். கோவிச்சுக்காதே?"

மார்லிஸ் சிரித்தபடி வாரை இன்னொரு துளை இறுக்கினாள்.

டொமினிக் குதிரையைத் திருப்பி அவள் பக்கம் வந்தார். "மேட்டு கேட்டு உன் பொறுப்பு. விருந்தாளிங்களும்தான்." இரண்டடி போய் நின்றார். "வேல முடியட்டும். குளிர்காலத்தப் பத்திப் பேசணும்."

அவள் தலையசைத்தாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒரு கன்றுக்குட்டி துள்ளியது.

*

மேட்டுப் புல்வெளிக்கும் கீழ்நிலத்துக்கும் நடுவே நீளமாக முள்கம்பி வேலி ஓடுகிறது. அதில் ஒரே ஒரு கேட். கம்பியும் கழியுமாகக் கட்டிய கேட். கொக்கியைக் கழற்றி இழுத்து, வேலியோரமாகப் படுக்க வைக்க வேண்டும். மார்லிஸ் இறங்கி அதைத் திறந்து வைத்தாள். மற்றவர்கள் ஏற்கனவே மேலே ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

"ஓப்பல், நீங்க கேட்டப் பிடிச்சுக்கோங்க," என்றாள்.

"சரி கண்ணு. நீ கவலையே படாத. இது என் தொழில்."

அது என்ன தொழில் என்று மார்லிஸ் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குதிரையேறி மரங்களுக்குள் போய்விட்டாள்.

மாடு திரட்டுவதில் சத்தத்துக்கு வேலை குறைவு. அதனால்தான் மார்லிஸுக்கு அந்த வேலை பிடிக்கும். மாட்டின் தோளுக்குப் பின்னால் குதிரை வந்தால் மாடு முன்னே நடக்கும். தோளுக்கு முன்னால் வந்தால் நின்று திரும்பும். நெருங்கினால் வேகம் கூடும், விலகினால் தணியும். எல்லாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. வாய் திறக்காமலே ஒரு மந்தையிடம் நூறு விஷயம் சொல்லிவிடலாம். லோவெல்லை அவள் தன்கூடவே வைத்துக்கொண்டாள். அவரும் அவள் குதிரை போனால் போனார், நின்றால் நின்றார். இடதுபக்கச் சரிவை ராய்ஸும் வலதுபக்கத்தை டொமினிக்கும் மற்ற விருந்தாளிகளோடு பார்த்துக்கொண்டார்கள். புதருக்குள்ளிருந்தும் மரநிழலிலிருந்தும் மாடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்தன. மந்தை ஒரு பெரிய மெதுவான ஆறுபோலச் சரிவில் இறங்கியது.

கன்றுகள் பின்தங்கும். அதுதான் வழக்கம். தாய்கள் முன்னே போகும். கன்றுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, தாயை மறந்து, மந்தையின் வாலில் கூட்டமாக வரும். அப்போது மந்தை நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் கன்றுக்குத் தாய் ஞாபகம் வந்துவிடும். தாயைக் காணாத கன்று, கடைசியாகப் பால் குடித்த இடத்துக்கே திரும்பி ஓடும். எத்தனை குதிரை குறுக்கே நின்றாலும் ஓடும்.

மார்லிஸ் மந்தையின் வாலில் இருந்தாள். மேட்டின் விளிம்புக்கு வந்ததும் கீழே கேட் தெரிந்தது.

கேட்டின் நட்டநடுவில் பிஸ்கட் நின்றது. அதன்மேல் ஓப்பல், முதுகை நேராக்கி, வலது உள்ளங்கையை மாடுகளுக்கு எதிரே உயர்த்திப் பிடித்திருந்தாள். பள்ளிக்கூட வாசலில் லாரியை நிறுத்துகிற அதே கை.

முன்னால் போன வெள்ளைமுகப் பசு நின்றது. அதன் பின்னால் வந்தவை நின்றன. ஆறு அணையில் முட்டியதுபோல மந்தை அகலமாகத் தொடங்கியது.

மார்லிஸ் வாயைத் திறந்தாள். ஓரமா வாங்க, ஓரமா. அவ்வளவுதான் கத்த வேண்டியது. குரல் அவள் குதிரையின் காதுவரைகூடப் போகவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்றார் பக்கத்திலிருந்த லோவெல்.

முதலில் ஒரு கன்று திரும்பியது. அப்புறம் பத்து. அப்புறம் எல்லாம். வாலைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பாய்ந்து மேட்டில் ஏறின. ராய்ஸ் நாலுகால் பாய்ச்சலில் குறுக்கே வந்தான். அவன் குதிரையின் வயிற்றுக்கடியிலேயே ஒன்று நுழைந்து போயிற்று. தாய்கள் கத்திக்கொண்டு பின்னால் ஓடின. காலையிலிருந்து திரட்டிய மந்தை, காப்பி ஆறுவதற்குள் மலையெங்கும் சிதறிக் கிடந்தது.

"விடுங்க," என்றார் டொமினிக். "போகட்டும். இன்னிக்கு இனிமே ஆகாது."

தூசி அடங்கியது. அவர் கேட்டருகே வந்து நின்றார்.

"கேட்டுல யாரு?"

ஓப்பல் வகுப்பில் கைதூக்குவதுபோலக் கையைத் தூக்கினாள். முகம் வெளிறியிருந்தது. "நான்தான் சார். பிடிச்சுக்கோங்கன்னாங்க. பிடிச்சுட்டிருந்தேன். யாராவது வந்து 'இப்ப விடு'ன்னு சொல்லுவாங்கன்னு பாத்துட்டே இருந்தேன். நான் என்ன தப்புப் பண்ணேன்?"

ராய்ஸ் தொப்பியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டான். சிரிப்பில் தோள்கள் குலுங்கின.

"பரவாயில்லீங்க," என்றார் டொமினிக், மிக மரியாதையாக. "நாளைக்கு நீங்க பிக்கப் வண்டியில வந்துருங்க, மத்தியானச் சாப்பாட்டோட. வசதியா இருக்கும்."

அந்த மரியாதையின் அர்த்தம் ஓப்பலுக்குப் புரிந்துவிட்டது. "சரிங்க," என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டின் பிடரிமயிரை விரலால் பிரித்துப் பிரித்துச் சீராக்கத் தொடங்கினாள்.

மார்லிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. விருந்தாளி செய்த தப்பைப் பண்ணையில் யாரும் கணக்கில் வைப்பதில்லை. சாயங்காலம் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வில்லோ ஓடை பத்திரமாக இருக்கும். வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குக் கைவந்த கலை.

ஓப்பலின் விரல்கள் அந்தப் பிடரியை விடவே இல்லை.

"டோம்," என்றாள் மார்லிஸ். "தப்பு அவங்களது இல்ல."

அவர் திரும்பினார்.

"பிடிச்சுக்கோங்கன்னு மட்டும்தான் சொன்னேன். எங்க நிக்கணும்னு சொல்லல. எப்ப மூடணும்னு சொல்லல. நமக்கு கேட்டப் பிடிக்கிறதுன்னா வேலியோரமா ஒதுங்கி நிக்கிறது. அவங்களுக்கு அது நடுவுல நின்னு நிறுத்தி வைக்கிறது. இது என் தொழில்னு சொல்லவும் சொன்னாங்க. நான் என்னன்னு கேக்கல." மூச்சு வாங்கியது. "அப்புறம் மேலேருந்து பாத்தேன். கத்தியிருந்தா ஒதுங்கியிருப்பாங்க. கத்த வரல."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அந்தப் பண்ணையில் ஒருவரும் கேட்டதில்லை. ராய்ஸ் தொப்பியை இறக்கிவிட்டான்.

"கத்த வரலையா?" என்றார் டொமினிக்.

"வரல."

"ம்," என்று சொல்லிக் குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்த "ம்"-மில் ஒரு மரவீட்டின் கதவு சாத்திக்கொண்டது மார்லிஸுக்குக் கேட்டது.

*

திரும்பும் வழியில் ஓப்பல் பிஸ்கட்டை அவள் பக்கமாகக் கொண்டுவந்தாள்.

"எனக்காகப் பேசப்போயி உனக்கு ஒண்ணும் கெடுதலாயிடாதே கண்ணு?"

இல்லை என்று தலையாட்ட மார்லிஸ் தயாரானாள். ஆனால் இன்றைக்குத் திறந்த வாய் இன்னும் மூடியிருக்கவில்லை. குளிர்கால முகாமைப் பற்றிச் சொன்னாள். விறகடுப்பு, வைக்கோல், யாரும் பேச்சுக் கொடுக்காத காலைகள். பிறகு இரும்புக் கடைக் கல்லா.

"நீ அவர்கிட்ட கேட்டியா?"

"வசந்தத்துலயே கேட்டுட்டேன்."

"என்னன்னு கேட்டே? வார்த்த மாறாம சொல்லு பாப்போம்."

மார்லிஸ் யோசித்தாள். "'குளிர்காலத்துல வில்லோ ஓடைப் பக்கம் நல்லாத்தான் இருக்கும் போல'ன்னு சொன்னேன்."

ஓப்பல் கடிவாளத்தை இழுத்து பிஸ்கட்டை நிறுத்தியே விட்டாள்.

"இது கேக்கறதா? இது வானிலை அறிக்கை!"

"அவர் பாக்கலாம்னார்."

"பனி விழுதான்னு பாக்கலாம்னிருப்பார்!"

மார்லிஸுக்குச் சிரிப்பு வந்தது. கோடை முழுதும் அவள் பையில் வைத்திருந்த வார்த்தையை இப்போது வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அதன் இரண்டு பக்கத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

*

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது மார்லிஸ் மேசையின் தலைமாட்டில் போய் நின்றாள். ஒரு கரண்டியால் கோப்பையைத் தட்டினாள். யாருக்கும் கேட்கவில்லை.

"எல்லாரும் கொஞ்சம்..." என்றாள்.

"ஏ, எல்லாரும் கவனிங்க!" என்று ஓப்பல் ஒரு குரல் கொடுத்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. லோவெல்லின் முள்கரண்டி கீழே விழுந்தது. "நீ சொல்லு கண்ணு. கேக்காதவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

மார்லிஸ் சொன்னாள். எந்த இடத்தில் நிற்க வேண்டும், ஏன் அங்கே நிற்க வேண்டும் என்று. மந்தை ஏன் நிற்கக் கூடாது, கன்று ஏன் திரும்பி ஓடும் என்று. கேட்டைப் பிடிப்பது என்றால் என்ன என்று. உப்பு, மிளகுக் குப்பிகளை வைத்து வேலி போட்டாள். ரொட்டித் துண்டுதான் மந்தை. ஒவ்வொரு வாக்கியத்தையும் ஓப்பல் கடைசி நாற்காலிவரை கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

"மலையில இப்படிக் கத்த முடியாது," என்றாள் மார்லிஸ். "மாடு மிரளும்."

"எதுக்குக் கத்தணும்? கை இருக்கே." ஓப்பல் எழுந்து நின்று காட்டினாள். உள்ளங்கை எதிரே இருந்தால் நில். கையை நெஞ்சுக்கு இழுத்தால் வா. நீட்டினால் அந்தப்பக்கம் பார். "ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைங்களுக்கே புரியும். டாக்டருக்குப் புரியாதா?"

"முயற்சி பண்றேன்," என்றார் லோவெல்.

டொமினிக் வாசலில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மார்லிஸ் அவரைக் கடந்து போகும்போது நின்றாள்.

"ஓப்பல் இன்னிக்கும் கேட்டுலதான் இருப்பாங்க."

"பிக்கப்புன்னு சொன்னேன்."

"காதுல விழுந்துது. அந்தக் கேட்டுல எப்படி நிக்கக் கூடாதுன்னு அவங்களைவிட நல்லாத் தெரிஞ்சவங்க இந்தப் பண்ணையில யாரும் இல்ல."

அவர் காப்பியை ஒரு மிடறு குடித்தார். சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. நேற்றாக இருந்தால் அவள் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

"சரியா, கூடாதா?" என்றாள்.

அவர் புருவம் உயர்ந்தது. "சரி."

*

மாடுகள் எங்கே கிடக்கும் என்று தேட வேண்டியிருக்கவில்லை. நேற்றைக்குக் காலையில் எங்கே இருந்தனவோ அங்கேயே இருந்தன. தாயும் கன்றும் பால் குடித்த இடத்தில் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோலப் படுத்துக்கொண்டிருந்தன.

மந்தை மீண்டும் இறங்கியது. மேட்டின் விளிம்பில் மார்லிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். கேட் திறந்து வெறுமையாகக் கிடந்தது. வேலியோரமாக வெகுதூரம் தள்ளி, ஒரு புள்ளியாக, பிஸ்கட்டும் ஓப்பலும். வெள்ளைமுகப் பசு கேட்டருகே வந்து தரையை மோந்தது. பிறகு தலையைத் தாழ்த்தி நடந்து உள்ளே போயிற்று. பின்னாலேயே மற்றவை போயின.

பாதி மந்தை போனபோது ஓப்பலின் இடதுகை நீண்டது. மார்லிஸ் அந்தப் பக்கம் பார்த்தாள். இரண்டு கன்றுகள் ஓடைப் புதருக்குள் நழுவிக்கொண்டிருந்தன. வாலில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது. லோவெல்லைப் பார்த்து அவளும் கையை நீட்டினாள். அவர் போய்ப் புதருக்கு அப்பால் நின்றார், சரியாக எங்கே நிற்க வேண்டுமோ அங்கே. கன்றுகள் திரும்பி வந்தன. டாக்டர் அங்கிருந்து இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். அது அவர்கள் பேசிவைத்த சைகை இல்லை. சந்தோஷம்தான்.

கேட்டைத் தாண்டினால் வேலை முடிந்தது என்று விருந்தாளிகள் நினைப்பார்கள். அதற்குப் பிறகுதான் நிற்க வேண்டும். மந்தையை ஒரு வட்டத்துக்குள் நிறுத்தி, சுற்றிலும் குதிரைகள் அசையாமல் நின்று, ஒவ்வொரு தாயும் தன் கன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். நூறு பசு ஒரே நேரத்தில் கத்தும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். ஒவ்வொரு கன்றுக்கும் அதில் ஒன்றுதான் காதில் விழும். கன்று வந்து மடியில் முட்டிப் பால் குடித்ததும் அந்த இரண்டும் அடங்கும். இனி அந்த இடம்தான் அவற்றுக்கு ஊர். இப்படி ஒவ்வொரு ஜோடியாகக் கத்தல் குறைந்துகொண்டே வரும்.

டொமினிக் வந்து மார்லிஸின் பக்கத்தில் குதிரையை நிறுத்தினார். இருவரும் மாடுகளைப் பார்த்தார்கள்.

"ராய்ஸ்கிட்ட சொல்லிட்டேன்," என்றார்.

"எத?"

"வில்லோ ஓடை."

அவள் கைகள் சேணத்தின் முன்பிடிக் கொம்பை இறுகப் பற்றின. தலையசைத்துவிட்டால் முடிந்துவிடும். இரும்புக் கடைக்காரர் அவளை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

"என்னன்னு சொன்னீங்க?"

"என்ன?"

"அவன்கிட்ட. வார்த்த மாறாம சொல்லுங்க."

டொமினிக் தாடையைச் சொறிந்தார். "பனிக்காலத்துக்கு எங்கயாச்சும் போறியாடான்னு கேட்டேன்."

"அவன்?"

"'பெருசா ஒண்ணுமில்ல'ன்னான்."

"அவன் நெவாடா போறான் டோம். அவங்க அக்கா வீட்டுக்கு. டிரக்குக்குப் புது டயர்கூடப் போட்டுட்டான்."

"என்கிட்ட சொல்லலையே."

"நீங்களும் அவன்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

டொமினிக் வட்டத்துக்கு அந்தப்புறம் நின்ற ராய்ஸைப் பார்த்தார். வேலை கிடைத்ததே தெரியாமல், அதை இழந்துகொண்டிருப்பதும் தெரியாமல், அவன் புகையிலை மென்றுகொண்டிருந்தான்.

"எனக்கு வேணும்," என்றாள் மார்லிஸ்.

"எது?"

"வில்லோ ஓடை கேம்ப். இந்தப் பனிக்காலம். விருந்தாளிங்க போனதுலேருந்து பனி உருகற வரைக்கும். தீனி போடறது, ஓடையில ஐஸ் உடைக்கிறது, எல்லாமே நான் பாத்துக்கறேன். வசந்தத்துலயே கேட்டேன்."

"எப்ப கேட்டே?"

"நல்லாத்தான் இருக்கும் போலன்னு சொன்னேனே."

"அதுவா?" அவர் உண்மையாகவே திகைத்தார். "நீ பனியப் பத்திப் பேசறேன்னுல்ல நினைச்சேன்."

கத்தல் வெகுவாகக் குறைந்திருந்தது. நாலைந்து குரல்கள்தான் மிச்சம்.

"உன் வேலையில ஒரு குறையும் இல்ல," என்றார் டொமினிக், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல. "அந்த இடம் காலியானதும் முதல்ல உன்னத்தான் நினைச்சேன். ஆனா அங்க போன் கிடையாது, ரெண்டு பக்கமும் பேசற ரேடியோ ஒண்ணுதான். தினம் சாயங்காலம் பேசணும். நீ என்ன பண்ணுவே? 'ம்'னுவே. அந்த 'ம்'முக்கு சாப்ட்டாச்சுன்னு அர்த்தமா, கால் ஒடஞ்சு கெடக்குன்னு அர்த்தமா? நான் இங்க உக்காந்துகிட்டு என்னன்னு எடுத்துக்கறது? நேத்து கேட்டுல கத்த வரலேன்னே. அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். நேற்றைய "ம்"-மில் அவளுக்குக் கேட்டது கதவு சாத்தும் ஓசை. அது ஒரு மனிதர், பனிப்புயலில் வண்டியோட்டிப் போய் அந்த மரவீட்டில் எதைக் காண நேருமோ என்று கலங்கிய ஓசையாகவும் இருந்திருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"சொல்லுவேன்," என்றாள்.

"என்னன்னு?"

"முழுசா. கால் ஒடஞ்சா ஒடஞ்சிருச்சுன்னு. பயமா இருந்தா பயமா இருக்குன்னு. சாப்ட்டது என்னன்னுகூடச் சொல்றேன், வேணும்னா."

"அது வேணாம்."

"சரி."

"ம்," என்றார் டொமினிக்.

அவள் விடவில்லை. "ம்-னா?"

அவர் மலையைப் பார்த்தார், குதிரையின் காதைப் பார்த்தார், தப்பிக்க வழியில்லை என்று கண்டார். "வில்லோ ஓடை கேம்ப் இந்தப் பனிக்காலத்துக்கு உனக்கு. ராய்ஸ்கிட்ட நான் பேசிக்கிறேன். போதுமா? இதுக்கு மேல ஒரு வார்த்த வேணும்னா நாளைக்குத்தான்."

"போதும்," என்றாள் மார்லிஸ். அதற்கு மேல் அவளுக்கும் வரவில்லை.

ஒரே ஒரு குரல் பாக்கி இருந்தது. வெள்ளைமுகப் பசுதான். மந்தையை விட்டு வெளியே வந்து கேட்டை நோக்கிக் கத்திக்கொண்டே நடந்தது. மந்தையெல்லாம் தாண்டியதும் ஓப்பல் இறங்கி, கேட்டைப் பாதி இழுத்து, கழியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் மார்லிஸைப் பார்த்தாள். உள்ளங்கையை எதிரே காட்டினாள்: நிறுத்தவா? மார்லிஸ் இல்லையென்று தலையாட்டி, கையை வெளிப்பக்கம் நீட்டினாள். ஓப்பல் ஒதுங்கினாள். பசு வெளியே போயிற்று.

நேற்று மாதிரி மலை முழுதும் ஏற வேண்டியிருக்கவில்லை. கேட்டுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில், ஒரு புதரின் வெயில்படும் பக்கத்திலிருந்து கன்று எழுந்தது. இவ்வளவு ஆரவாரத்திலும் தூங்கியிருக்கிறது. முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. தாய் அதை மோந்து, முகத்தால் நெட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. பத்தடி வந்ததும் கன்று மடிக்கடியில் புகுந்துகொண்டது.

புல்வெளி சட்டென்று அமைதியாயிற்று. ஓப்பல் கழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மார்லிஸையே பார்த்தாள். இதற்கு ஒரு சைகை அவர்கள் பேசிவைத்திருக்கவில்லை.

மார்லிஸ் மூச்சை நன்றாக இழுத்தாள்.

"மூடுங்க!"

நூறு பசுக்கள் தலையைத் தூக்கின. டொமினிக்கின் குதிரை பக்கவாட்டில் ஒரு குதி குதித்தது. அவர் தொப்பி விழுந்தது. எதிர்ச் சரிவிலிருந்து "...டுங்க" என்று திரும்பி வந்தது.

"ரேடியோவுல இவ்வளவு வேணாம்," என்றார் டொமினிக், தொப்பியை எடுக்கக் குனிந்தபடி.

ஓப்பல் கேட்டை இழுத்துக் கொக்கியை மாட்டினாள். மாட்டிவிட்டு, பழக்கத்தில், இல்லாத சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.